சூடே ஏறாத பிக்கப்

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் இன்ஜினில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பத்துப் பாயிண்டாக எழுதிக் கொடுங்கள் சார் என்று எங்கள் பழைய ஆபீஸ் பிள்ளைகள் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பத்துப் பாயிண்டாக எழுதினால் அதை முதலில் படிக்கப் போகிறவர் விற்பவர்தான். வாங்குபவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பத்துக்கும் பதில் தயாராகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், விற்பவருக்கு இவ்வளவு நீளம் படிக்கப் பொறுமை இருக்காது.

நான் வேலை பார்த்தது, பழைய லோடு வண்டிகளுக்குக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியின் தாம்பரம் கிளையில். செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்க ஒருவர் கடன் கேட்டால், அந்த வண்டியை நேரில் போய்ப் பார்த்து, கொடுக்கலாம் அல்லது கொடுக்கக் கூடாது என்று எழுத வேண்டும். கார்டில் வாகன மதிப்பீட்டாளர் என்று போட்டிருந்தார்கள். தெருவில் 'வண்டி பாக்கற சார்' என்பார்கள். இப்போது அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. விற்பவரே வண்டியைச் சுற்றி வந்து படம் பிடித்து அனுப்பினால் போதும், எங்கிருந்தோ ஒரு மதிப்பு வந்து விழுகிறது. நான் அதோடு சண்டைக்குப் போகவில்லை. டயர் தேய்ந்ததும் பாடி நசுங்கியதும் படத்தில் நன்றாகவே தெரியும். ஆனால் சூடும் வாசனையும் சத்தமும் படத்தில் வருவதில்லை. இன்ஜின் கோளாறில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. டீசல் மெக்கானிக் படித்தேன். குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் சில வருடம் கை கறுக்க வேலை பார்த்தேன். பெண் பார்க்கப் போகும்போது நகக்கண்ணில் கிரீஸ் இருக்க வேண்டாம் என்று என் அம்மா பிடிவாதம் பிடித்ததால் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். வந்த இடத்தில் தாமோதரன் சாரிடம் மாட்டினேன்.

தாமோதரன் சார் எங்கள் கிளையின் சீனியர். குள்ளமான உருவம், தேய்த்த வெள்ளைச் சட்டை, சன்னமான குரல். வண்டியின் அருகில் போனால் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். வண்டியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ விற்பவர் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவர்கள் எதைச் சொன்னாலும் 'அப்படியா' என்பார். அந்த 'அப்படியா'வில் சந்தேகம் இருக்காது, கிண்டல் இருக்காது. கேட்பவருக்கு இன்னும் கொஞ்சம் பேசலாம் போலத் தோன்றும். அப்படிப் பேசியே மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

முதல் நாள் என்னை அழைத்துக்கொண்டு சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் வீட்டுக்குப் போனார். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றோம். வாசலில் பிக்கப் பளபளவென்று நின்றது. பானெட்டில் சந்தனம், குங்குமம். வணக்கம் சொல்லிக்கொண்டே சார் களைப்பாக இருப்பவர் போல இடது உள்ளங்கையை பானெட்டின் மேல் ஊன்றிக்கொண்டார்.

"காலைலயே எங்கயாவது போயிட்டு வந்தீங்களா?"

"இல்லியே சார். நல்ல காரியமாச்சேன்னு சாமி கும்பிட்டு, சும்மா ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்."

"அப்படியா," என்றார் சார். பிறகு பேப்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரி விளம்பரம் வரைக்கும் படித்தார். பானெட் நன்றாக ஆறும்வரை எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார். பின்பு சாவி போட்டபோது இன்ஜின் இழுத்து இழுத்துப் பார்த்து, இருமி, வாசல் முழுக்க வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு எழுந்தது. கம்ப்ரஷன் போன இன்ஜின், தளர்ந்த இன்ஜெக்டர், பழுதான ஹீட்டர் பிளக் எல்லாமே ஆறிய நிலையில்தான் குட்டு உடையும். ஒருமுறை சூடாக்கி வைத்துவிட்டால் கிழட்டு இன்ஜினும் புது மாப்பிள்ளை போல் கிளம்பும். அதற்காகத்தான் தென் சென்னையில் வண்டி விற்கிற அன்று எல்லோருக்கும் விடியற்காலையிலேயே பக்தி வந்துவிடுகிறது.

அடுத்தது டீ. எந்த வீட்டுக்குப் போனாலும் சார் டீ கேட்டு வாங்குவார். அவருக்கு டீ மேல் அப்படி ஒன்றும் ஆசை கிடையாது. வண்டியை நகர்த்தாமல் இன்ஜினை மட்டும் ஐடிலில் ஓட விட்டுவிட்டு, ஒரு டம்ளர் டீயை ஊதி ஊதிக் குடித்து முடிக்கும் நேரம் அவருக்கு வேண்டும். அதற்கு நடுவில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே வாயில் தலைகீழாகச் சும்மா வைப்பார். நல்ல இன்ஜினில் மூடி லேசாக நடுங்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கீழேயிருந்து காற்று தள்ளி, மூடி குதித்துத் துள்ளி விழும். மெக்கானிக்குகள் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். மூடியின் உள்பக்கம் மோர் போல வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம்.

டீ முடிந்ததும் என்னை ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதிக்கச் சொல்லிவிட்டு, சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டையை சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார். ஐடிலில் நின்றுவிட்டு மிதிக்கும்போது நீலப் புகையும் துணியில் எண்ணெய்ப் புள்ளியும் வந்தால், வால்வு வழியாக ஆயில் இறங்கி எரிகிறது. கறுப்புத் தூள் அப்பினால் டீசல் சரியாக எரியவில்லை, இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். வெறும் ஈரம் என்றால் பயமில்லை. வீட்டில் அவர் மனைவி ஒரு நாள் என்னிடம், "ஏம்ப்பா, உங்க சார் ஆபீஸ் வேலைதான பாக்கறார், கர்ச்சீப்பெல்லாம் ஏன் அடுப்புல துடைச்ச மாதிரி வருது?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

சார் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பகுதி முழுக்க எனக்கு வந்தது. நான் அவரைவிடக் கொஞ்சம் வாயாடி. மற்றபடி முறை அதேதான். கண்ணாடி போலக் கழுவி வைத்த இன்ஜினைக் கண்டால் எனக்கு ஆகாது. ஓடுகிற லோடு வண்டியின் இன்ஜினில் தூசி இருக்க வேண்டும், அங்கங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால், எங்கே ஒழுகுகிறது என்று தெரியக் கூடாதென்று யாரோ வேலை மெனக்கெட்டுத் துடைத்திருக்கிறார்கள்.

ஒரு மழைக்காலம் கழிந்து முடிச்சூர் பக்கம் பார்த்த வண்டி அப்படித்தான் இருந்தது. நான் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து மூக்கை நுழைத்தேன். குளத்து வாசனை. பெட்டியின் மூலையில் வண்டல் காய்ந்து கிடந்தது. தண்ணீருக்குள் நின்ற வண்டியை யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்த இன்ஜினில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உடனே நிற்காது, கொஞ்ச காலம் ஓடும், பிறகு ஒரு நாள் நடுரோட்டில் அந்த ராடு இன்ஜின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். விற்பவர், "தண்ணி வாசல் வரைக்கும்கூட வரலை சார்," என்றார். நானும் அப்படியா என்று கேட்டுவிட்டு, ஃபில்டரை அவரிடமே நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னேன். மனிதர் அதைக் கையில் வாங்கவில்லை.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சில வண்டிகளில் எரியவே எரியாது. ஆஹா, கோளாறே இல்லை என்று வாங்குபவர் சந்தோஷப்படுவார். உள்ளே இணைப்பைப் பிடுங்கியிருப்பார்கள். இதையெல்லாம் கண்டுபிடிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வரும், மறைப்பானேன்.

இவையெல்லாம் சுலபமான வண்டிகள். விற்பவருக்கு விஷயம் தெரியும், தெரிந்ததை மறைக்கிறவர் எங்கேயாவது இடறுவார். விற்பவருக்கே தெரியாத கோளாறு உள்ள வண்டிதான் என்னைத் தண்ணீர் குடிக்க வைத்தது. அப்படி ஒரு வண்டியைக் கோவிலம்பாக்கத்தில் பார்த்தேன்.

வாங்க இருந்தவர் எஸ்தர் டீச்சர். சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகப் பாடம் எடுத்தவர். சர்ச் விழாக்களுக்குச் சமைக்கப் போய் கைப்பக்குவம் பேசப்பட்டு, சின்னச் சின்ன ஆர்டர்கள் வந்து, கடைசியில் குன்றத்தூரில் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் மதியச் சாப்பாடு போடும் ஆர்டர் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி தொடங்க வேண்டும். பள்ளியில் வேலையை விடுவதாகச் சொல்லி, அந்த இடத்துக்கு வேறு டீச்சரையும் எடுத்துவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒரே ஒரு கண்டிஷன்: சாப்பாட்டு மணி அடிக்கும்போது சாப்பாடு இருக்க வேண்டும், தாமதமானால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

விற்பவர் அவருடைய அண்ணன் ஜெயசீலன். கோவிலம்பாக்கத்தில் கேன் தண்ணீர் வியாபாரம். பெரிய வண்டி வாங்கிவிட்டதால் பழைய பிக்கப்பைத் தங்கைக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. வெளியாள் ஒருவர் கூடுதலாகத் தருவதாகச் சொல்லியும் மறுத்துவிட்டிருந்தார். நான் வழக்கம் போல முன்னதாகவே போய் நின்றபோது, வாயில் பிரஷ்ஷோடு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், பத்து மணின்னாங்க. சரி, பாத்துக்கோ. நம்ம வண்டில ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு சார், கூடப் பொறந்தவளுக்குக் குடுக்கற வண்டிய ஒரு ஆளு வந்து பாக்கணுமா? இது இன்னா பேஜாரு?"

"லோன் போடணும்னா பாத்துதான் ஆகணும்ணா. ரூல்ஸ் அது," என்றார் எனக்கு முன்பே வந்திருந்த டீச்சர், அண்ணனைப் பார்க்காமல்.

பானெட்டில் உள்ளங்கையை ஊன்றினேன், ஜில்லென்று இருந்தது. சாவி போட்டதும் ஒரே இழுப்பில் கிளம்பியது. டீ வந்தது, குடித்தேன். ஆயில் மூடி அசையவில்லை. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. இன்ஜினில் நியாயமான தூசி, நியாயமான பிசுக்கு. டேஷ்போர்டு விளக்கு எரிந்து ஒழுங்காக அணைந்தது. அடடா, நல்ல வண்டி என்று எனக்கே ஆசையாக இருந்தது, வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். மேடவாக்கம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயசீலன், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை விரலால் தட்டிக் காட்டினார். அது அடியிலேயே படுத்திருந்தது.

"பாத்தியா சார், முள்ளு எழுந்துக்கவே எழுந்துக்காது. நாள் பூரா ஓடினாலும் ஐஸ் மாதிரி கீது. நம்ம மெக்கானிக் கைராசி அப்படி."

அவ்வளவு நேரம் ஓடிய பிறகு முள் அடியில் படுத்திருக்கக் கூடாது. இன்ஜினும் நம் உடம்பும் ஒன்றுதான், இருக்க வேண்டிய சூடு இருந்தே ஆக வேண்டும். அந்தச் சூட்டைக் காப்பதற்கு தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு உண்டு. இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை மூடி வைத்து, சூடானதும் திறந்துவிடும். நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அந்த வால்வைக் கண்டாலே ஆகாது. நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். இன்ஜினை மறுபடி ஆறவிட்டு, ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். வால்வு இருந்தால் குழாய் சற்று நேரம் ஜில்லென்றே இருந்து, பிறகு திடீரென்று சுடும். இதில் இன்ஜினோடு சேர்ந்து முதலிலிருந்தே வெதுவெதுப்பு ஏறியது.

"வால்வை எப்ப கழட்டினீங்க?"

"அத்தயா? போன வெயில்ல ஒருவாட்டி சூடாச்சு சார். மெக்கானிக் அத்தக் கழட்டிக் கடாசிட்டான். அத்தோட பிரச்சனை தீந்துச்சு."

தாமோதரன் சார் இந்த இடத்தில் எப்போதும் ஒன்று சொல்வார்: கழற்றியது இருக்கட்டும், எதற்காகக் கழற்ற வேண்டி வந்தது? போன கோடையில் சூடானதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். வால்வைக் கழற்றியதில் அந்தக் காரணம் தீர்ந்திருக்காது, தெரியாமல் போயிருக்கும். அவ்வளவுதான்.

"மதியம் வரேன்," என்றேன். "அதுக்குள்ள வண்டில ஃபுல் கேனா ஏத்தி வைங்க. இது தாங்கற அளவுக்கு. டீச்சரும் வரட்டும், குன்றத்தூர் வரைக்கும் போயிட்டு வரலாம்."

ஜெயசீலன் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்விட்டார். டீச்சர் என்னைக் கேட் பக்கம் தனியாக அழைத்தார்.

"சார், எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. இதோட விட்டுடலாமே. அண்ணன் ரொம்ப ரோஷக்காரர். எனக்காக வெளியாளை வேண்டாம்னு சொன்னவர். நான் மெதுவா ஓட்டிக்கறேன் சார்."

"உங்க அண்ணன் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைம்மா. அந்த முள்ளு மேலதான் சந்தேகம்."

மதியம் போனபோது வண்டி நிறையக் கேன்கள் ஏற்றியிருந்தார். மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். நான் ஓட்டினேன். பல்லாவரம் தாண்டும்வரை முள் படுத்தே கிடந்தது, ஜெயசீலனும் ஒருமாதிரி வெற்றிக் களையோடு வந்தார். பம்மலில் டிராஃபிக் ஊர்ந்தது. முள் எழுந்தது. அனகாபுத்தூரில் பாதியைத் தாண்டியது.

"மீட்டர் தப்பா காட்டுது சார்," என்றார்.

"அப்படியா," என்றேன்.

குன்றத்தூர் கோவில் மலை கண்ணில் பட்டபோது முள் சிவப்புக் கோட்டுக்கு மிக அருகில் இருந்தது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன். ரேடியேட்டரில் வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றிய வண்டி என்றால் சூட்டில் ஒரு தித்திப்பு வாசனை வரும். இதில் வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி வெறும் ஆவி. ரேடியேட்டரோடு இணைந்த தண்ணீர் பாட்டிலில் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரைக் கையால் இழுத்தேன், குமிழும் கூடவே அதிகமானது. இன்ஜினுக்குள் எரிகிற காற்று, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் வருகிறது என்று அதற்கு அர்த்தம்.

ஜெயசீலன் பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை வைத்தார். நான் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அந்தச் சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தாமோதரன் சாரின் வலது மணிக்கட்டில் அதற்குச் சாட்சியாக ஒரு தழும்பு இருந்தது. எதிர்க் கடையில் உட்கார்ந்து காத்திருந்தோம். இன்ஜின் ஆறிய பிறகும் ரேடியேட்டர் குழாய் கல் மாதிரி விறைத்திருந்தது. ஆறினால் தளர வேண்டும், உள்ளே காற்று அடைத்திருந்ததால் தளரவில்லை. துணியைப் போட்டு மெல்லத் திறந்தேன். உள்ளே ஓரமெல்லாம் வெள்ளையாகப் பாறை போல் ஏதோ படிந்திருந்தது.

அதை முதலில் அடையாளம் கண்டது டீச்சர்தான். "எங்க வீட்டு இட்லி குண்டான் அடில இப்படித்தான் இருக்கும்," என்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "போர் தண்ணியாண்ணா ஊத்தறீங்க?"

"பின்ன? பின்னாடி மோட்டார் கீது, புடிச்சு ஊத்தறோம்."

"ஊருக்கெல்லாம் கேன் தண்ணி போடறீங்க. வண்டிக்குப் போர் தண்ணியா?"

"கேன் தண்ணி விக்கறதுக்கும்மா," என்றார் ஜெயசீலன், இது என்ன கேள்வி என்பது போல. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார்.

கோவிலம்பாக்கத்துப் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. அந்த உப்பு ரேடியேட்டரை அடைத்து, இன்ஜின் சூடாகி, வால்வைக் கழற்றி, சூடு வெளியே தெரியாமல் கேஸ்கெட் உள்ளுக்குள் இளகிக்கொண்டே வந்திருக்கிறது.

"அப்ப தங்கச்சிய ஏமாத்தப் பாத்தேன்னு எழுதப்போறியா சார்?" என்று கேட்டார்.

"இல்லைங்க. உங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வழியே இல்ல. நீங்க தெருவுக்குள்ள ஓட்டறீங்க. நாலு வூட்டுக்கு ஒருவாட்டி நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுக் கேன் இறக்கறீங்க. அதுக்குள்ள ஆறிடுது. உங்க வேலைக்கு இது நல்ல வண்டி. அவங்க வேலைக்கு ஆகாது. இப்ப இருக்கற நிலைமைல நான் பாஸ் பண்ண மாட்டேன்."

டீச்சர் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார். "ஒண்ணாம் தேதி சாப்பாடு போகணும் சார். இருந்த வேலையும் போச்சு." அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அந்த வேலையில் அந்த ஒரு கணம் மட்டும் எனக்குப் பழகவே இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நான் இப்ப கையெழுத்துப் போட்டா, ரெண்டாவது வாரமே அனகாபுத்தூர்ல சாம்பாரோட நிப்பீங்கம்மா."

ஜெயசீலன் ரோட்டைக் கடந்து போய் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார். அங்கேயே நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தார்.

"கழட்டு சார். ஹெட்டக் கழட்டி உள்ள இன்னா கீதுன்னு பாத்துருவோம். என் வண்டி, என் செலவு. அவ போற ரூட்ல ஓடுற வண்டியாத்தான் அவ கைல குடுப்பேன்."

பின்னால் ஏறி ஒரு கேனைத் தூக்கி வந்தார். மூடியின் சீலைப் பிய்த்து, அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் சிந்தாமல் ஊற்றினார். மற்ற கேன்களைத் தெரிந்த கடை ஒன்றில் இறக்கிவிட்டு, நிறுத்தி நிறுத்தி ஆறவைத்துத் திரும்பினோம்.

பல்லாவரம் லேத் பட்டறையில் ஹெட்டைக் கழற்றித் துடைத்து, அதன் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தினார்கள். நடுவில் மெல்லிய தகடு சுலபமாக நுழைந்தது, சூட்டில் வளைந்திருந்தது. டார்ச் அடித்து வால்வுகளுக்கு நடுவில் தேடினேன். விரிசல் இருந்தால் ஹெட்டையே தூக்கிப் போட வேண்டும், ஒன்றாம் தேதிக்குள் எதுவும் நடக்காது. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரிசல் இல்லை. அதைச் சொன்னபோது என் குரலும் கொஞ்சம் துள்ளித்தான் போனது. ஹெட்டை இழைத்து, புதுக் கேஸ்கெட், புது ரேடியேட்டர், கூலன்ட் எல்லாம் போட்டார்கள். கடைசியில் வால்வைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக், "சார், நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையா?" என்று ஆரம்பித்தார். ஜெயசீலன் அவரை மேலே பேச விடவில்லை.

"மாட்டுன்னா மாட்டு."

மறுபடியும் அதே கேன் லோடு, அதே உச்சி வெயில், அதே ரோடு. இந்த முறை பல்லாவரம் வருவதற்குள்ளேயே முள் எழுந்து நடுவுக்கு வந்தது. ஜெயசீலன் என் தோளைப் பிடித்துவிட்டார்.

"சார், ஏறுது சார். நிறுத்து நிறுத்து."

"அது அங்கதாங்க நிக்கணும். பாத்துக்கிட்டே வாங்க."

பம்மலில் ஊர்ந்தோம், முள் நடுவில். அனகாபுத்தூரில் நின்றே விட்டோம், நடுவில்தான். குன்றத்தூரில் இறங்கி, பானெட் மேலேயே தாளை வைத்துக் கடன் கொடுக்கலாம் என்று எழுதினேன். ஜெயசீலன் அப்போதும் உள்ளே உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றாம் தேதி மதியம் ஆபீசில் டப்பாவைத் திறந்தபோது போன் வந்தது. ஜெயசீலன்தான். முதல் நாள் என்பதால் யாரையும் நம்பாமல் அவரே ஓட்டிப் போயிருக்கிறார். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. "நடுவுலதான் நின்னுச்சு சார்," என்றார். பின்னணியில் பாத்திரங்கள் மோதும் சத்தமும், சாம்பார் கரண்டி எங்கே என்று டீச்சர் கேட்பதும், அதற்குள் சாப்பாட்டு மணி அடிப்பதும் கேட்டன. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

போன மாதம் எஸ்தர் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். தொழிலுக்கு இரண்டாவதாக ஒரு பிக்கப் வாங்கப் போகிறாராம். "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க சார், வேலை வெக்க மாட்டேன். சும்மா டீ குடிக்க வாங்க," என்றார். பெருங்களத்தூரில் ஒரு வீடு. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டீச்சர் என்னை ஒன்பது மணிக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் பிக்கப் மாலையோடு நின்றது. வீட்டுக்காரர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கும்பிட்டார். டீச்சர் வணக்கம் சொன்னார். சொல்லும்போதே, களைப்பாக இருப்பவர் போல, இடது உள்ளங்கையை பானெட்டின் மேல் ஊன்றிக்கொண்டார்.

"சாமி கும்பிட்டு சும்மா ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி வெச்சேம்மா," என்றார் வீட்டுக்காரர்.

தாமோதரன் சாரை டீச்சர் பார்த்ததே இல்லை. அதே சன்னமான குரலில், சந்தேகமும் கிண்டலும் இல்லாமல், "அப்படியா," என்றார். பிறகு எனக்கும் சேர்த்து இரண்டு நாற்காலியும் பேப்பரும் கேட்டார்.